'பதில்' பொத்தானை இரண்டாகப் பிரித்தோம்: யாருக்குப் போக வேண்டும் என்ற கணக்கு

அறுபது பேர் வேலை செய்யும் அலுவலகம் ஒன்றின் உள் மின்னஞ்சல் நிரல். பைத்தான் என்ற நிரல் மொழியில் எழுதியது, உலாவியில் திறப்பது. அதில் 'பதில்' என்று ஒரே ஒரு பொத்தான்தான் இருந்தது. அழுத்தினால் கடிதத்தில் யார் யார் முகவரி இருக்கிறதோ அத்தனை பேருக்கும் பதில் போகும். வாடிக்கையாளரை நகலில் வைத்து மேலாளர் எழுதிய கடிதம் ஒன்றுக்கு, "இவருக்கு இதற்கு மேல் விலை குறைக்க வேண்டாம்" என்று உள்ளுக்குள் எழுதிய பதில் அந்த வாடிக்கையாளருக்கே போய்ச் சேர்ந்தது. அதன் பிறகுதான் இந்த வேலை தொடங்கியது.

'பதில்', 'அனைவருக்கும் பதில்' என்று இரண்டு பொத்தான் வைக்க அரை நாள் போதும் என்று போட்ட கணக்கு தவறிவிட்டது. மொத்தம் 26 மணி நேரம் ஆனது. இப்போது 44 சோதனைக் கடிதங்களில் 43 சரியான முகவரிக்குப் போகின்றன. அந்த 26 மணி எங்கே போனது, எந்த விதியை முதலில் தவறாக எழுதினோம் என்பதை வரிசையாகப் பதிந்து வைக்கிறேன். மின்னஞ்சல் நிரலோ புகார்ப் பதிவு நிரலோ எழுதுகிறவர்களுக்கு இதில் பாதியாவது பயன்படும்.

முதலில் முடிவு செய்தது ஒன்றே ஒன்று. பதில் குறைவான பேருக்குப் போய்விட்டால் மறுபடி அனுப்பிக்கொள்ளலாம், ஒரு நிமிடம்தான் நஷ்டம். அதிகமான பேருக்குப் போனால் திரும்ப வாங்க வழியில்லை. மைக்ரோசாஃப்டின் அவுட்லுக் மின்னஞ்சல் நிரலில் 'திரும்பப் பெறு' என்று ஒரு வசதி இருக்கிறது. அனுப்பியவரும் பெற்றவரும் ஒரே நிறுவனத்தின் எக்ஸ்சேஞ்ச் என்ற அஞ்சல் சர்வரில் இருந்தால்தான் அது வேலை செய்யும். ஆகவே நிரலுக்கு எங்கே சந்தேகம் வந்தாலும் குறைவான பேரையே எடுக்க வேண்டும். கீழே வரும் எல்லா விதிகளும் இதிலிருந்துதான் வந்தன.

சோதனைக்கு என்ன தேவைப்பட்டது

உண்மையான கடிதங்களின் மூல வடிவத்தை, அதாவது ஹெடர் வரிகளோடு (அனுப்பியவர், பெறுநர் போன்ற விவரங்கள் கடிதத்தின் தலையில் நிற்கும் வரிகள்) கூடிய இஎம்எல் கோப்புகளை, வகைக்குச் சிலவாகச் சேர்த்தோம். ஒரே ஒருவருக்கு வந்தது, நகலில் பலர் இருப்பது, மறைநகலில் வந்தது, மடலாடற்குழு (ஒரே முகவரிக்கு எழுதினால் உறுப்பினர் எல்லோருக்கும் போகும் குழு) வழியாக வந்தது, பொது முகவரிக்கு வந்தது, நாமே அனுப்பியது, பதில் ஏற்காத தானியங்கிக் கடிதம் என்று 44 கோப்புகள் சேர்ந்தன.

அடுத்த வேலை அவற்றில் உள்ள முகவரிகளை மாற்றுவது. இதை மட்டும் தவிர்க்கவே கூடாது. உண்மையான முகவரிகளை வைத்துக்கொண்டு சோதித்தால், நிரலில் ஒரு வரி தவறினாலும் வாடிக்கையாளரின் பெட்டியில் சோதனைக் கடிதம் விழும். 'டாட் டெஸ்ட்' என்று முடியும் பெயர்களும் 'எக்ஸாம்பிள் டாட் காம்' என்ற பெயரும் இதற்கென்றே 1999-இல் ஆர்எஃப்சி 2606 என்ற இணையத் தரநிலை ஆவணத்தில் ஒதுக்கப்பட்டவை. அவை யாருடைய பெட்டிக்கும் போய்ச் சேராது. எல்லா முகவரிகளையும் டாட் டெஸ்டுக்கு மாற்றினோம்.

அனுப்பும் கடிதத்தைப் பிடித்து வைக்க ஒரு பொய் சர்வரும் வேண்டும். பழைய பைத்தானில் எஸ்எம்டிபிடி என்ற மாட்யூல் கூடவே வரும், 3.12-இலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். ஏஐஓ-எஸ்எம்டிபிடி என்ற தனித் தொகுப்பை நிறுவி ஓடவிட்டால், 8025 என்ற போர்ட்டில் உட்கார்ந்துகொண்டு வருகிற கடிதத்தையெல்லாம் திரையில் அச்சிடும், எங்கும் அனுப்பாது. அது போதுமானது. இதற்கெல்லாம் பணச் செலவு இல்லை. சேகரிக்கவும் மாற்றவும் 4 மணி நேரம் பிடித்தது.

முகவரியைப் பிரிப்பதில்தான் பெரிய அடி

பழைய நிரல் ஹெடரில் பெறுநர்கள் இருக்கும் டூ வரியையும் நகல் பெறுபவர்கள் இருக்கும் சிசி வரியையும் எடுத்து, காற்புள்ளி வரும் இடத்திலெல்லாம் வெட்டியிருந்தது. பெரும்பாலான கடிதங்களுக்கு இது சரியாகவே வரும். அதனால்தான் பல நாள் யாரும் கவனிக்கவில்லை. 'குமார், கணக்கு' என்று பெயருக்குள்ளேயே காற்புள்ளி வைத்து ஒருவர் அனுப்பினால் போச்சு. 'குமார்' என்று ஒரு துண்டு, 'கணக்கு' என்ற பெயரோடு சரியான முகவரி இன்னொரு துண்டு. முதல் துண்டில் அட் குறியே இல்லை. இப்படி வெறும் பெயராக வரும் முகவரியின் பின்னால் அலுவலகத்தின் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற அஞ்சல் சர்வர் நம் டொமைனை (அட் குறிக்குப் பின்னால் வரும் பெயரை) தானாகவே ஒட்டிவிடும், அதன் இயல்பான அமைப்பே அப்படி. அலுவலகத்தில் வேறொரு குமார் இருந்தால், சம்பந்தமே இல்லாத அவருக்கு அந்தக் கடிதம் போகும். பொய் சர்வரின் திரையில் பெறுநர் பட்டியலில் அட் குறி இல்லாத ஒரு பெயர் நின்றபோதுதான் இது தெரிய வந்தது.

வெட்டுவதை விட்டுவிட்டு, பைத்தானின் மின்னஞ்சல் தொகுப்பிலேயே இருக்கும் 'கெட்அட்ரசஸ்' என்ற பங்ஷனுக்கு மாறினோம். மேற்கோள் குறிக்குள் இருக்கும் காற்புள்ளியை அது தொடாது. ஆனால் மாறும்போது இன்னொரு தவறு செய்தோம். தமிழ்ப் பெயர்கள் ஹெடரில் அப்படியே வருவதில்லை. 1996-இல் வந்த ஆர்எஃப்சி 2047 முறையில் ஆங்கில எழுத்துக் குறியாக மாறி வரும். அவற்றை முதலில் தமிழாக்கிவிட்டு, பிறகு பிரித்தோம். 'முத்துக்குமாரசாமி, கணக்குப் பிரிவு' என்ற பெயர் தமிழானதும் அதற்குள் இருந்த காற்புள்ளி வெளியே வந்துவிட்டது. மேற்கோள் குறியும் கிடையாது. மறுபடி இரண்டு துண்டு. வரிசை இப்படித்தான் இருக்க வேண்டும்: குறி வடிவத்திலேயே முகவரிகளைப் பிரி, பிறகு ஒவ்வொரு பெயரையும் தனித்தனியாகத் தமிழாக்கு. ஆர்எஃப்சி சொல்வதும் இதே வரிசைதான்.

'முத்துக்குமாரசாமி' என்று மட்டும் வரும் பெயரிலும் இன்னொரு சிக்கல் இருந்தது. தமிழ்ப் பெயர்களைக் கையாளும் எல்லோரும் இதைச் சந்திப்பார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஆர்எஃப்சி 2047-இன்படி ஒரு குறிச்சொல் (இப்படிக் குறியாக மாறிய ஒரு துண்டு) 75 எழுத்துக்கு மேல் போகக் கூடாது. யூடிஎஃப்-8 (யூனிகோட் குறியைப் பைட்டாக்கும் முறை), பேஸ்64 (பைட்டை ஆங்கில எழுத்தாக்கும் முறை) என்று அறிவிக்கும் தொடக்கத்துக்கு 10 எழுத்து, முடிவுக்கு 2. மீதி 63. தமிழின் ஒவ்வொரு யூனிகோட் குறியும் 3 பைட், பேஸ்64-இல் 4 எழுத்து. ஆக, ஒரு குறிச்சொல்லில் 15 யூனிகோட் குறிகள்தான் அடங்கும். 'மு' கண்ணுக்கு ஓர் எழுத்து. யூனிகோடில் ம ஒன்று, உகரக் குறி ஒன்று. இப்படி எண்ணினால் முத்துக்குமாரசாமிக்கு 17. ஆகவே பெயர் இரண்டு குறிச்சொல்லாக உடைந்துதான் வரும்: 'முத்துக்குமாரசா' வரை ஒன்று, 'மி' ஒன்று. நடுவில் ஓர் இடைவெளி. அடுத்தடுத்த குறிச்சொற்களுக்கு நடுவில் உள்ள இடைவெளியை நீக்கிவிட்டுத்தான் சேர்க்க வேண்டும். கையால் எழுதிய பழைய டீகோடர் அதை நீக்கவில்லை. அதனால் திரையில் 'முத்துக்குமாரசா மி' என்று தெரிந்தது. பைத்தானின் 'டீகோட்ஹெடர்', 'மேக்ஹெடர்' இரண்டையும் பயன்படுத்தியதும் ஒட்டிக்கொண்டது. பெயர் உடைந்தாலும் கடிதம் போய்ச் சேரும்தான். ஆனால் யாருக்கு அனுப்புகிறோம் என்று பார்த்துச் சரிபார்க்கச் சொல்லும் திரையில் பெயர் உடைந்து நின்றால், அந்தத் திரையை யாரும் நம்ப மாட்டார்கள்.

புதிய பைத்தான் பதிப்புகளில் கெட்அட்ரசஸ் கறாராக இருக்கிறது. பட்டியலில் ஒரே ஒரு முகவரி கெட்டிருந்தாலும் மொத்தமும் வெறுமையாகத் திரும்பி வரலாம். வெறுமை வந்தால் நிரல் பேசாமல் மேலே போகாமல், 'பெறுநர் வரியைப் படிக்க முடியவில்லை' என்று சொல்லி நிற்கும்படி செய்தோம். 'வெளியிடப்படாத பெறுநர்கள்' என்று பொருள்படும் வெற்றுக் குழு வரியும் இதே போல் வெறுமையாக வரும். அது பிழையில்லை, அதைத் தனியாகப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் கட்டத்துக்கு மட்டும் 7 மணி நேரம். கூடவே போஸ்ட்ஃபிக்ஸில் முழு டொமைன் இல்லாத பெறுநரை மறுக்கும் அமைப்பையும் போட்டுவிட்டோம். நிரல் தவறினாலும் இனி வேறொரு குமாருக்குப் போகாது.

அடிப்படை விதி

தரநிலை நூல் இதில் தெளிவாகவே இருக்கிறது. 1982-இன் ஆர்எஃப்சி 822-இலும், இப்போது புழங்கும் 2008-இன் ஆர்எஃப்சி 5322-இலும் அடித்தளம் ஒன்றுதான். ரிப்ளை-டூ வரி (பதில் எங்கே வர வேண்டும் என்று குறிப்பது) இருந்தால் பதில் அங்கே; இல்லையென்றால் ஃப்ரம் வரியில் (எழுதியவரைக் குறிப்பது) உள்ளவருக்கு. அனைவருக்கும் பதில் என்றால், அந்த முகவரி டூ-வில், மூலக் கடிதத்தின் டூ, சிசி முகவரிகள் புதிய சிசி-யில். சென்டர் என்று இன்னொரு வரி உண்டு. அதிகாரிக்காக அவரது உதவியாளர் அனுப்பினால் உதவியாளரின் முகவரி அதில் இருக்கும். பதில் தானாக அங்கே போகவே கூடாது என்று 822 அழுத்தமாகச் சொல்கிறது. பழைய நிரல் அதையும் சேர்த்துக்கொண்டிருந்தது, எடுத்துவிட்டோம்.

நாமே அனுப்பிய கடிதத்தைத் திறந்து 'பதில்' அழுத்தினால்? விதியை அப்படியே பின்பற்றினால் பதில் நமக்கே வரும். அனுப்பிய கடிதத்தில் விட்டுப்போனதைச் சேர்த்து எழுதத்தான் யாரும் அப்படிச் செய்வார்கள். ஃப்ரம் நம் முகவரியாக இருந்தால் மூலக் கடிதத்தின் டூ-வை எடுக்கும்படி ஒரு விதிவிலக்கு வைத்தோம். தண்டர்பேர்ட் என்ற மின்னஞ்சல் நிரலும் இப்படித்தான் செய்கிறது.

நம் முகவரி எது?

அனைவருக்கும் பதில் போகும்போது நம் முகவரியை நீக்க வேண்டும். இல்லையென்றால் நம் பதில் நமக்கே திரும்பி வரும். ஒருவருக்கு இரண்டு மூன்று முகவரிகள் இருக்கும். எல்லாவற்றையும் பட்டியலில் சேர்த்தோம். மட் என்ற பழைய நிரலில் 'ஆல்டர்னேட்ஸ்' என்ற அமைப்பு இதற்குத்தான். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாட்டை நீக்கிவிட்டு ஒப்பிட வேண்டும். அட் குறிக்கு முன்னால் உள்ள பகுதியில் அந்த வேறுபாட்டுக்குத் தரநிலை இடம் தருகிறது. நடைமுறையில் யாரும் பயன்படுத்துவதில்லை. ஜிமெயில் முகவரியில் புள்ளி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான், ஆனால் அந்த விதியை மற்ற டொமைன்களுக்கு நீட்டக் கூடாது. அங்கே புள்ளி உள்ளவரும் புள்ளி இல்லாதவரும் இரண்டு வேறு ஆட்களாக இருக்கலாம்.

இங்கே ஒரு விதியைத் தலைகீழாக எழுதிவிட்டோம். 'விற்பனை' என்ற பொது முகவரிக்கு வருவது நான்கு பேருக்குப் போகும். நான்கு பேரின் 'நம் முகவரி' பட்டியலிலும் விற்பனை முகவரியைச் சேர்த்துவிட்டோம். விளைவு: ஒருவர் அனைவருக்கும் பதில் கொடுத்தால் விற்பனை முகவரி நீங்கிவிடும், மற்ற மூவருக்கும் அந்தப் பதில் தெரியாது. ஒரே வாடிக்கையாளருக்கு இரண்டு பேர் இரண்டு விதமாகப் பதில் எழுதினார்கள். பட்டியலை இரண்டாகப் பிரித்த பிறகு சரியானது. தனக்கு மட்டும் உரிய முகவரிகள் நீங்கும். பலர் பகிரும் முகவரி நகலில் அப்படியே நிற்கும். பொது முகவரிக்கு வந்த கடிதத்துக்கு வெறும் 'பதில்' அழுத்தினாலும் அந்த முகவரி நகலில் சேரும். குறைவான பேர் என்ற அடிப்படை முடிவுக்கு நாங்கள் வைத்த ஒரே விலக்கு இது. அந்தக் கடிதம் முதலிலேயே அந்த நான்கு பேரின் பெட்டியிலும் இருப்பதால் ரகசியம் ஒன்றும் வெளியே போகாது. மூன்று மணி நேரம்.

மடலாடற்குழு

குழுக் கடிதத்துக்கு 'பதில்' அழுத்தினால் எழுதியவருக்குப் போக வேண்டுமா, குழுவுக்குப் போக வேண்டுமா என்ற வழக்கு ரொம்பப் பழையது. மெயில்மேன் போன்ற குழு மென்பொருளில் நிர்வாகி ஓர் அமைப்பை மாற்றினால், ஒவ்வொரு கடிதத்திலும் ரிப்ளை-டூ வரியில் குழு முகவரி எழுதப்படும். அதன் பிறகு படிக்கிறவர் 'பதில்' என்று அழுத்துவதெல்லாம் குழுவுக்குப் போகும். ஒருவருக்கு மட்டும் என்று நினைத்து எழுதிய அந்தரங்கம் நூறு பேருக்குப் போவது பெரும்பாலும் இந்த வழியில்தான். இதில் எங்கள் நிலை உறுதியானது: குழுவுக்குப் பேசுவதற்கு மூன்றாவது பொத்தான் இருக்க வேண்டும், 'பதில்' பொத்தானின் அர்த்தத்தை யாரும் மாற்றக் கூடாது.

மூன்றாவது பொத்தானுக்கு வேண்டிய தகவல் கடிதத்திலேயே இருக்கிறது. 1998-இன் ஆர்எஃப்சி 2369 கொண்டுவந்த லிஸ்ட்-போஸ்ட் வரியில் குழுவின் முகவரி இருக்கும். தண்டர்பேர்டில் கண்ட்ரோல்-ஷிஃப்ட்-எல், மட்டில் பெரிய எல், இரண்டும் குழுவுக்குப் பதில் போடுபவை. லிஸ்ட்-போஸ்ட் வரியில் 'நோ' என்று மட்டும் இருந்தால் அது அறிவிப்புக் குழு, யாரும் எழுத முடியாது. அப்போது பொத்தானையே காட்டுவதில்லை.

ரிப்ளை-டூ முகவரியும் லிஸ்ட்-போஸ்ட் முகவரியும் ஒன்றாக இருந்தால், அது எழுதியவர் வைத்ததில்லை, குழு மென்பொருள் திணித்தது. அப்போது ரிப்ளை-டூவை ஒதுக்கிவிட்டு ஃப்ரம் முகவரிக்குப் போ என்று விதி எழுதினோம். தண்டர்பேர்டிலும் இதே விதி உண்டு. ஏழு குழுக் கடிதங்களில் ஐந்து சரியாகப் போயின. மீதி இரண்டும் திரும்பவும் குழுவுக்கே போயின. அதில் ஒன்றின் ஹெடரை அப்படியே பார்க்கலாம். முகவரிகளை இங்கே தமிழில் எழுதியிருக்கிறேன்:

ஃப்ரம்: குழு வழியாக மலர் <கிளைச்செய்தி@குழு.டெஸ்ட்>
ரிப்ளை-டூ: மலர் <மலர்@கடை.டெஸ்ட்>, <கிளைச்செய்தி@குழு.டெஸ்ட்>
டூ: <கிளைச்செய்தி@குழு.டெஸ்ட்>
லிஸ்ட்-போஸ்ட்: <மெயில்டூ:கிளைச்செய்தி@குழு.டெஸ்ட்>

ஃப்ரம் வரியில் மலரின் பெயர் இருக்கிறது, முகவரி குழுவுடையது. இது 2014-க்குப் பிறகு வந்த பழக்கம். அந்த ஆண்டு ஏப்ரலில் யாஹூ தன் டொமைனுக்கு டிமார்க் மறுப்புக் கொள்கையைப் போட்டது. பின்னாலேயே ஏஓஎல்லும் போட்டது. அதாவது, யாஹூ முகவரியை ஃப்ரமில் வைத்துக்கொண்டு வேறு சர்வரிலிருந்து வருவதை ஏற்காதே என்று உலகத்துக்கு அறிவித்தது. குழு சர்வர் செய்வதோ அதைத்தான். உறுப்பினர்களின் கடிதங்கள் திரும்பி விழத் தொடங்கியதும், குழு மென்பொருள்கள் ஃப்ரமில் தங்கள் முகவரியை வைத்து, எழுதியவரின் உண்மையான முகவரியை ரிப்ளை-டூவுக்கு நகர்த்தின. ஆக, திணிப்பு என்று நாங்கள் ஒதுக்க நினைத்த அதே வரியில்தான் இப்போது உண்மையான ஆள் இருக்கிறார்.

விதியை மாற்றி எழுதினோம். முதலில் ரிப்ளை-டூவிலிருந்து குழு முகவரியை மட்டும் கழி. மீதி இருந்தால் அதுதான் பதில் முகவரி. மீதி இல்லையென்றால் ஃப்ரம். அதுவும் குழு முகவரியாக இருந்தால், டூ கட்டத்தைக் காலியாக விட்டு, கர்சரை அங்கே நிறுத்து. காலியாக விடுவது வசதிக்குறைவுதான். ஆனால் தனக்குத் தெரியாததை நிரல் ஊகித்துக் குழுவுக்கு அனுப்புவதைவிட, ஆளைக் கேட்பது மேல். இந்தப் பகுதிக்கு 6 மணி.

மறைநகலில் வந்தவர்

மறைநகலில் ஒரு கடிதத்தைப் பெற்றவர் 'அனைவருக்கும் பதில்' அழுத்தினால், அவருக்கும் அது வந்தது என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். அனுப்பியவர் மறைத்ததை நிரல் ஒரே அழுத்தில் உடைத்துவிடுகிறது. டூ-விலும் சிசி-யிலும் நம் முகவரி இல்லை, லிஸ்ட்-போஸ்டும் இல்லை என்றால் மறைநகல் என்று முதலில் விதி எழுதினோம். விற்பனை முகவரிக்கு வந்தது எல்லாமே மறைநகல் என்று எச்சரிக்கை வந்தது. ஏனென்றால் டூ-வில் விற்பனை இருக்கும், ஆளின் சொந்த முகவரி இருக்காது.

போஸ்ட்ஃபிக்ஸ் கடிதத்தைப் பெட்டியில் போடும்போது எக்ஸ்-ஒரிஜினல்-டூ என்று ஒரு வரி சேர்க்கும். கடிதம் முதலில் எந்த முகவரிக்கு வந்து சேர்ந்ததோ அது அதில் இருக்கும். அந்த முகவரி டூ அல்லது சிசி-யில் இருந்தால் மறைநகல் இல்லை. இருக்காவிட்டால் 'அனைவருக்கும் பதில்' பொத்தான் மங்கி நிற்கும், அழுத்தினால், "இந்தக் கடிதம் உங்களுக்கு மறைநகலில் வந்தது. பதில் போட்டால் மற்றவர்களுக்குத் தெரிந்துவிடும்" என்று சொல்லும். எக்ஸ்சேஞ்சிலும் அவுட்லுக்கிலும் இதே எச்சரிக்கை பல ஆண்டுகளாக இருக்கிறது. எல்லா நிரலிலும் இருக்க வேண்டிய ஒன்று.

திரையில் என்ன தெரிய வேண்டும்

முதலில், அனைவருக்கும் பதில் என்றால் 'நிச்சயமாக அனுப்பவா?' என்று கேட்கும் பெட்டி வைத்தோம். இரண்டாம் நாளே அது பயனற்றுப் போனது. எல்லோரும் கேள்வியைப் படிக்காமலே எண்டர் தட்டினார்கள். ஒவ்வொரு முறையும் கேட்கும் கேள்வி கண்ணில் படாமல் போகும். அதை எடுத்துவிட்டு, அனுப்பும் பொத்தானிலேயே எண்ணை எழுதினோம்: '14 பேருக்கு அனுப்பு'. ஒருவர் என்றால் எண் இல்லை, அவர் பெயர்: 'மலருக்கு அனுப்பு'. வெளி டொமைன் முகவரி ஏதாவது இருந்தால் அந்தப் பெயர் செம்மஞ்சள் நிறத்தில் நிற்கும். விலை விவரம் போன கதை மறுபடி நடக்காமல் தடுப்பது இந்த நிறம்தான் என்று நம்புகிறேன்.

எண்ணுவதிலும் ஒரு பிழை. 'அனைத்து ஊழியர்' என்பது ஒரு முகவரி, ஆனால் அறுபது பேர். பொத்தான் '1' என்று எண்ணியது. உள்ளூர்க் குழுக்களின் உறுப்பினர் எண்ணிக்கையைச் சர்வரிலிருந்து ஒரு நாளைக்கு ஒருமுறை எடுத்துக் கூட்டுகிறோம். வெளிக் குழு என்றால் எண் தெரியாது. அங்கே எண்ணுக்குப் பதில் 'குழுவுக்கு அனுப்பு' என்று மட்டும்.

எத்தனை பேரானால் எச்சரிப்பது என்பதற்குப் பொது அளவு இல்லை. டூ-விலும் சிசி-யிலும் 15 பேர் சேர்ந்தால் தண்டர்பேர்ட் மறைநகலைப் பரிந்துரைக்கிறது. எக்ஸ்சேஞ்சில் பெரிய கூட்டம் என்று எச்சரிக்கும் இயல்பான அளவு 25. அறுபது பேர் அலுவலகத்துக்கு 10 என்று வைத்தோம். அனுப்பு அழுத்திய பிறகு 20 விநாடி கடிதம் காத்திருக்கும், அதற்குள் நிறுத்தலாம். ஜிமெயிலில் 5, 10, 20, 30 என்று தேர்வு உண்டு. 10 விநாடி வைத்துப் பார்த்தோம். தவறு உறைப்பதற்குள் கடிதம் போய்விடுகிறது. 30 வைத்தால், அனுப்பிய கையோடு கணினியை மூடுகிறவர்களின் கடிதம் நின்றுவிடுகிறது. 4 மணி நேரம்.

அனைத்து ஊழியர் முகவரி

இது நிரலில் தீர்கிற விஷயம் இல்லை, சர்வரில் தீர்க்க வேண்டியது. அறுபது பேரில் ஒவ்வொருவரும் ஒருமுறை அனைவருக்கும் பதில் போட்டால் 60 பெருக்கல் 59, மொத்தம் 3540 பிரதிகள். கையெழுத்துப் பகுதியில் 40 கேபி சின்னப் படம் ஒன்று இருந்தால், பேஸ்64-இல் அது சுமார் 55 கேபி ஆகும். அறுபது பேருக்கு ஒரு பதிலுக்கே 3.3 எம்பி. மைக்ரோசாஃப்டுக்குள்ளேயே 1997 அக்டோபர் 14 அன்று பெட்லம் டிஎல்3 என்ற குழுவில், என்னை எடுத்துவிடுங்கள் என்று ஒருவர் கேட்க, எனக்கும் எனக்கும் என்று மற்றவர்கள் சேர, நிறுவனத்தின் அஞ்சல் அமைப்பே திணறியது. குழுவில் இருந்தது சுமார் 13,000 முகவரிகள். அதே நிறுவனம் 2020 மே மாதத்தில் எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில் ஒரு தடுப்பைக் கொண்டுவந்தது: 5000 பேருக்கு மேல் உள்ள கடிதத்துக்கு 60 நிமிடத்தில் 10 பேர் அனைவருக்கும் பதில் போட்டால், 4 மணி நேரத்துக்கு மேற்கொண்டு பதில்களை மறுப்பது. தொடக்கத்தில் வைத்த அளவு இது.

நமக்கு அவ்வளவு வேண்டாம். போஸ்ட்ஃபிக்ஸில் அந்த ஒரு முகவரிக்கு மட்டும் யார் அனுப்பலாம் என்று ஒரு பட்டியல் வைத்தோம், நான்கு பேர். மற்றவர்கள் அனுப்பினால் காரணத்தோடு உடனே மறுக்கப்படும். மறுப்புச் செய்தியைத் தமிழில் வைக்கப் பார்த்தோம். அஞ்சல் சர்வர்கள் பேசிக்கொள்ளும் அந்த வரிக்கு ஆங்கில எழுத்துதான் பத்திரம் என்பதால் விட்டுவிட்டு, தமிழ் விளக்கத்தை நிரலின் திரையில் வைத்தோம். இதற்கு 2 மணி.

அடுத்த முறை மாற்றிச் செய்வது

முகவரிப் பிரிப்பைச் சொந்தமாக எழுதத் தொடவே மாட்டோம். அதில் போன 7 மணியில் 5 மணி வீண். திரையைக் கடைசிக்குத் தள்ளாமல், '14 பேருக்கு அனுப்பு' என்ற பொத்தானை முதலில் செய்வோம். அந்த எண் திரையில் இருந்திருந்தால் குமார் பிழை, விற்பனை பிழை இரண்டும் முதல் மணியிலேயே கண்ணில் பட்டிருக்கும். 'பதில்', 'அனைவருக்கும் பதில்' பொத்தான்களை ஒட்டி வைத்ததும் தவறு. இப்போது 'பதில்' இடது ஓரத்திலும் 'அனைவருக்கும் பதில்' வலது ஓரத்திலும் இருக்கின்றன. விசைகளில் ஆர் ஒருவருக்கு, ஏ அனைவருக்கும். ஜிமெயிலில் பழகியவர்களுக்குக் கை மாறாது.

மீதி நிற்கும் அந்த ஒரு கடிதம் ஒரு குழு வழியாக வந்தது. ஃப்ரமில் குழு முகவரி, ரிப்ளை-டூவிலும் குழு முகவரி மட்டும், எழுதியவரின் முகவரி சிசி-யில், மற்ற இரண்டு பேரோடு. மெயில்மேனில் ஃப்ரமை மாற்றுவது, பதிலைக் குழுவுக்குத் திருப்புவது இரண்டையும் சேர்த்துப் போட்டால் இப்படி வரும். சிசி-யில் உள்ள மூவரில் எழுதியவர் யார் என்று பெயரை ஒப்பிட்டுப் பார்க்கலாம். பெயர் பொருந்தாவிட்டால் நிரலுக்கு வழியில்லை. இப்போதைக்கு டூ கட்டம் காலியாக நிற்கிறது, மூவரின் பெயரும் அதன் கீழே தொட்டுச் சேர்க்கும்படி வரிசையாக இருக்கின்றன.